ஏழாவது தொட்டி

ரப்பர்ப்பால் உறைந்த தொட்டியில்
பீரங்கி ஊறுகிறது.

ஊத்தான் மெலிந்தாங் பக்கம்
பால்மரங்கள் சாய்ந்து செம்பனை ஏறியதும்
ஆலைக்குப் பூட்டுப் போட்டார்கள்.
எட்டுத் தொட்டிகளும் தவளைகளுக்குப் போயின.
ஒருநாள், ஈரச்சாக்கு சுற்றிய நீளமான எதுவோடோ
லோரி வந்து நின்றது.
குதித்திறங்கிய புவான் நோர்ஸாலினா
பெயரைச் சொல்லும் முன் கேட்டது:
“தண்ணீர் எங்கே? காய்ந்தால் பொடிந்துவிடும்.”

முந்நூறு வருடம் சேற்றில் கிடந்தது
மூன்று நாள் வெயில் தாங்காதாம்.

நான் இருபத்திரண்டு வருடம்
பாலில் எத்தனை விழுக்காடு ரப்பர் என்று பார்த்தவள்.
தண்ணீர் கலந்த வாளியை
நிறத்திலேயே பிடிப்பேன்; இன்னும் சிலர் என்னோடு பேசுவதில்லை.
இப்போது இரும்பில் எவ்வளவு கடல் பாக்கி என்று பார்க்கிறேன்.
அதே மேசை, அதே புரெட்.
மஞ்சள் நீரில் வெள்ளி நைத்திரேட், சொட்டுச் சொட்டாக.
செங்கல் நிறம் போகாமல் தங்கும் சொட்டில்
கை நிற்க வேண்டும்.
மார்ச்: நாலாயிரத்து நூறு.
செப்டம்பர்: இரண்டாயிரத்துச் சொச்சம்.
காரநீரை மாற்று. மறுபடி ஊறவை. மறுபடி எண்ணு.

கப்பல் எந்தக் கொடியுடையது என்று
இன்னும் கடிதத்தில் சண்டை போடுகிறார்கள்.
மரியநேசனுக்கு அது கவலையில்லை.
பெர்ணம் ஆறு கடலில் கொட்டும் இடத்தில்
கண்ணுக்கு வேலையே இல்லை என்பான்.
விளக்கடித்தால் விளக்கு மட்டும் தெரியும்.
கயிற்றுக் கட்டத்துக்குள் விரலால் துழாவிவிட்டு
காதில் சேறு வழிய மேலே வந்து
பிளாஸ்டிக் தாளில் வரைவான்:
இது விலா, இது குண்டு அடுக்கு,
இது தெரியவில்லை.
‘தெரியவில்லை’தான் அதிகம்.

அப்படி ஒரு தெரியவில்லையைத்தான்,
தேங்காயளவு கல்கட்டியை,
தெலுக் இந்தான் மாட்டு டாக்டரின் எக்ஸ்ரேயில் வைத்தோம்.
உள்ளே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதது
ஆணி வடிவத்தில் இருந்தது.
இரும்பு கரைந்து எப்போதோ போய்விட்டது,
இடத்தைக் காலி செய்யாமல்.
துளை போட்டு ரெசின் ஊற்றி
ஓட்டை உடைத்தபோது
தலையில் சுத்தியல் அடித்த தட்டையோடு
கறுப்பாக எழுந்து வந்தது.
அடித்தவன் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து அடித்திருக்கிறான்.

வெண்கலப் பீரங்கிக்குத் தலைநகரிலிருந்து ஆள் வந்தது,
கண்ணாடிப் பெட்டியும் வந்தது.
இரும்பு மூன்றுக்கும் யாரும் வரவில்லை.
இன்னும் ஆறு வருடம் ஊற வேண்டும், கேட்டால் சொன்னேன்.
கம்பெனி நிலத்தை விற்றுவிட்டது;
நூற்றெண்பது வீடு, தொட்டி இருக்கும் இடத்தில் பூங்கா,
நவம்பரில் புல்டோசர்.

ஆறை ஒன்றால் கழித்துப் பார்த்தோம். 
கழித்துக்கொண்டே இருந்தோம்.
கடைசியில் நோர்ஸாலினாதான் வாய் திறந்தார்:
“சேறு நம்மைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ளும்.”
அன்றைக்கு அவர் மதியச் சாப்பாட்டைப் பிரிக்கவில்லை.

மறுபடி சாக்கு. மறுபடி ஈரம். மறுபடி லோரி.
கோப்பிக் கடை வாசலில் கேலி காத்திருந்தது:
“திருப்பிப் போடறதுக்கா எடுத்தீங்க?”
பதில் இருந்தது. நீளமானது. லோரி ஓடிக்கொண்டிருந்தது.
மரியநேசன் இறங்கி, பள்ளம் தடவிப் படுக்கவைத்து
உரமூட்டைகளில் மணல் நிரப்பி மேலே அடுக்கினான்.
ஏறி வந்தபின்
இந்தமுறை எதையும் வரையவில்லை.

தொட்டிகளைக் கழுவிவிட்டோம்.
ராத்திரி பிடித்த மழை ஏழாவதில் முழங்கால் அளவு.
பழக்கதோஷம், ஒரு குவளை மொண்டு
புரெட்டின் கீழ் வைத்தேன்.
மழைநீர்; முதல் சொட்டிலேயே சிவக்கும் என்றிருந்தேன்.
பதினோரு சொட்டு பிடித்தது.

சிமெண்டுச் சுவர் எப்போது குடித்ததோ.

தேதி போட்டு எழுதிவைத்தேன்.